தொழிலே குரலாக

நுழையும்முன்

பிழைப்பைத் தேடிக் கடல் கடப்பது தமிழர்க்குப் புதிதன்று. சென்ற இடத்தில் கண்டதைத் தாயகத்திற்கு எடுத்துச் சொல்வதும் புதிதன்று. முன்பு கடிதம் சுமந்த செய்தியை இன்று கைபேசி சுமக்கிறது. அயல்நாட்டில் வேலை செய்துகொண்டே சமூக ஊடகத்தைத் தம் எதிர்காலத் தொழிலாக்கிக்கொள்ள விரும்பும் இளைஞர் பலர். அவ்விருப்பத்திற்கு அடித்தளம் எது? ஆயத்தம் எவ்வாறு அமைய வேண்டும்? எங்கே எச்சரிக்கை தேவை? ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியைப் பின்புலமாகக் கொண்டு இக்கட்டுரை இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது.

எல்லையில் ஓர் ஊர்

காலை ஆறு மணி. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இரவுப்பணி முடித்தோர் வெளியே வருகின்றனர். பகற்பணிக்குரியோர் உள்ளே செல்கின்றனர். நிறுவனப் பேருந்துகள் வரிசையாக நிற்கின்றன. சாலையோரத் தேநீர்க் கடையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் இந்தியும் ஒரே பலகையில் அமர்ந்து தேநீர் அருந்துகின்றன. ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. அங்கிருந்து பெங்களூரு அதிகத் தொலைவில் இல்லை.

ஒரு காலத்தில் கேழ்வரகு விளைந்த இந்த மேட்டுநிலம், 1970களில் தொழிற்பேட்டை அமைந்த பின்னர் எந்திரங்களின் நிலமாயிற்று. டி.வி.எஸ். 50 என்னும் சிறுவண்டி 1980ஆம் ஆண்டு இங்கிருந்தே சாலைக்கு வந்தது. அசோக் லேலண்டின் சரக்குந்துகளும் டைட்டனின் கைக்கடிகாரங்களும் இம்மண்ணில் உருவாயின. 2021ஆம் ஆண்டு போச்சம்பள்ளி அருகே 500 ஏக்கர் பரப்பில் ஓலா நிறுவனத்தின் மின்வண்டித் தொழிற்சாலை எழுந்தது. வயல்களும் தம் வழியில் உலகை நோக்கித் திரும்பின. ஓசூரின் ரோசாப்பூக்கள் விமானம் ஏறுகின்றன. கிருஷ்ணகிரியின் மாங்கனிகள் கூழாகி, கலன்களில் அடைபட்டுக் கப்பல் ஏறுகின்றன.

பொருள்கள் சென்ற வழியிலேயே மனிதரும் செல்கின்றனர். கடைசல், பற்றவைப்பு, மின்பணி, எந்திரப் பராமரிப்பு எனக் கைத்திறன் கற்ற இளைஞர் சிலர் துபாய்க்கும் கத்தாருக்கும் சிங்கப்பூருக்கும் புறப்படுகின்றனர். குடும்பக் கடன், தங்கையின் திருமணம், பாதியில் நிற்கும் வீடு என ஒவ்வொரு பயணத்திற்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கோடு அண்மைக்காலத்தில் ஒரு கனவும் சேர்ந்துள்ளது. இரண்டொரு ஆண்டுகள் அங்கே உழைத்துக்கொண்டே வலையொளியில் காணொலிகள் வெளியிட வேண்டும். பின்தொடர்வோர் பெருகியதும் வேலையை விட்டுவிட்டு அதையே தொழிலாக்கிக்கொள்ள வேண்டும் என்பதே அக்கனவு.

இக்கனவை ஏளனம் செய்வது எளிது; ஆனால் அது முறையன்று. 1980களில் வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் தம் குரலை ஒலிநாடாவில் பதிவுசெய்து, ஊருக்கு வருவோரிடம் கொடுத்தனுப்பினர். எழுதப் படிக்கத் தெரியாத தாய்கூட அந்தக் குரலைக் கேட்டுக் கண்ணீர் துடைத்தாள். தொலைவில் இருப்பவன் தன் வாழ்வை ஊருக்குச் சொல்ல விரும்புவது இயல்பான மனித வேட்கை. ஒலிநாடாவைக் கேட்டது ஒரு வீடு; காணொலியைக் காண்பது உலகம். வேறுபாடு அவ்வளவே. ஆயினும் அந்த வேறுபாடு பெரும் பொறுப்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

ஏ. கே. செட்டியார் காட்டிய வழி

அயல்நாட்டு வாழ்வையே ஊடகப் பணிக்கான பயிற்சிக்கூடமாக ஆக்கிக்கொண்ட தமிழர் ஒருவர் முன்னரே வாழ்ந்திருக்கிறார். 1911ஆம் ஆண்டு கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார், இளமையிலேயே பர்மா சென்று, அங்கு வாழ்ந்த நகரத்தார்க்காக இரங்கூனிலிருந்து வெளிவந்த 'தனவணிகன்' இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். எதை எழுதுவது, எவ்வளவு எழுதுவது, யாருக்காக எழுதுவது என்பவற்றை அவர் பழகிய இடம் அது. பின்னர் ஜப்பான் சென்று டோக்கியோவில் ஒளிப்படக் கலையைக் கற்றார். அக்கல்வியை நியூயார்க்கில் தொடர்ந்தார்.

1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவர் நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிக் கப்பலில் சென்றுகொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். காந்தியடிகளின் வாழ்வை ஓர் ஆவணப்படமாக்க வேண்டும் என்னும் எண்ணம் அந்தக் கடற்பயணத்தில்தான் தோன்றியது. அதன்பின் அவர் நாடு நாடாக அலைந்தார். பல்வேறு காலத்தில் பலர் எடுத்துவைத்திருந்த படச்சுருள்களைத் தேடித் திரட்டினார். ஏறத்தாழ 50,000 அடி நீளம் கிடைத்தது. அதனை 12,000 அடியாகத் தொகுத்து, 1940ஆம் ஆண்டு வெளியிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயது நிறையவில்லை. 1943ஆம் ஆண்டு 'குமரி மலர்' இதழைத் தொடங்கி நெடுங்காலம் நடத்தினார்.

அவர் வாழ்வில் ஒரு வரிசை புலப்படுகிறது. முதலில் மொழி கைவந்தது. பின்னர்க் கருவி கைவந்தது. அதன்பின் சொல்லத்தக்க பொருள் வந்து சேர்ந்தபோது அவர் ஆயத்தமாக இருந்தார். இன்றைய இளைஞர் பலரிடம் இவ்வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் விலையுயர்ந்த கைபேசி வாங்கப்படுகிறது, ஒளிவிளக்கு வாங்கப்படுகிறது, ஒலிவாங்கி வாங்கப்படுகிறது. எல்லாம் வந்தபின், 'எதைச் சொல்வது?' என்னும் வினா எழுகிறது. விடை தெரியாதபோது பிறர் செய்ததையே திரும்பச் செய்யும் நிலை உண்டாகிறது. உயர்ந்த கட்டடத்தின் முன் நின்று கையசைப்பதும், அங்காடியின் விலைப்பட்டியலைக் காட்டுவதும் நூறு பேர் செய்துமுடித்தவை.

கைக்குள் இருக்கும் பொருள்

உழைக்கச் சென்ற இளைஞர் சொல்லத்தக்க பொருளைத் தேடி வெளியே அலைய வேண்டியதில்லை. அஃது அவர் கைக்குள்ளேயே இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் சின்னவீரமங்கலத்தைச் சேர்ந்த வேளாண் குடும்பத்தினர் 2018ஆம் ஆண்டு 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்னும் வலையொளியைத் தொடங்கினர். வயல்வெளியே அவர்களது அரங்கம். அம்மியும் விறகடுப்பும் பெரிய பாத்திரமுமே அவர்களது கருவிகள். தாம் அறிந்த சமையலைத் தாம் பேசும் தமிழிலேயே காட்டினர். 2021ஆம் ஆண்டு ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் வலையொளி என்னும் சிறப்பை அவர்கள் பெற்றனர். ஆழ்கடல் மீன்பிடிப்பைக் காட்டும் 'தூத்துக்குடி மீனவன்' வலையொளியும் இத்தகையதே. அவரவர் தொழிலே அவரவர்க்குக் குரலாயிற்று.

இதனை ஓசூரோடு பொருத்திப் பார்க்கலாம். அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்று, சிப்காட்டில் சில ஆண்டுகள் கணினிவழிக் கடைசல் எந்திரத்தை இயக்கிப் பழகி, பின்னர் வளைகுடா நாடொன்றின் பட்டறைக்குச் சென்ற ஓர் இளைஞரை எண்ணிக்கொள்வோம். திருகு அளவியைக் கொண்டு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளக்க அவர் அறிவார். சுழிப்பிழையைப் பார்க்க மறந்தால் ஒரு நாள் வேலை முழுவதும் கழிவாகிவிடும் என்பதை அவர் பட்டு அறிந்தவர். ஓசூரில் அளவைக் குறிக்க வழங்கும் சொல் எது, அயல்நாட்டு வரைபடத்தில் அதற்குரிய குறியீடு எது என்பது அவருக்குத் தெரியும். முதன்முறை விமானம் ஏறும் பற்றவைப்பாளர் எந்தத் தேர்வுக்கு ஆயத்தமாக வேண்டும், ஒப்பந்தத்தில் எந்த வரியை இருமுறை படிக்க வேண்டும் என்பதும் தெரியும்.

இவை அவருக்கு நாள்தோறும் பழகியவை. ஆதலால் சிறப்பற்றவை எனத் தோன்றும். ஆனால் தேன்கனிக்கோட்டையில் பதினோராம் வகுப்பில் திருகு அளவியை முதன்முறை கையில் எடுக்கும் மாணவிக்கு அவை அரிய செய்திகள். இயற்பியல் ஆய்வகத்தில் அவள் காணும் கருவி எங்கோ ஒருவரின் மாதச் சம்பளமாகவும் ஒரு குடும்பத்தின் வீடாகவும் மாறுகிறது என்று காட்ட வல்லவர் அவரே.

எல்லைப்புறத்தார்க்கு இன்னொரு செல்வமும் உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழில் கற்று, பட்டறையில் இந்தி கேட்டு வளர்ந்தோர் இங்குப் பலர். மொழிக்கலப்பு என்று பிறர் நகைப்பது ஊடகத்தில் வலிமையாகிறது. ஒரே செய்தியைத் தமிழர்க்குத் தமிழிலும், அருகில் வேலை செய்யும் ஆந்திர, கர்நாடகத் தோழர்க்கு அவரவர் மொழியிலும் சொல்ல வல்லவரின் அவை இயல்பாகவே விரிந்தது.

ஆயத்தம் என்பது

சமூக ஊடகத் தொழிலுக்கான ஆயத்தம் கைபேசியில் தொடங்குவதன்று, குறிப்பேட்டில் தொடங்குவது. அன்றன்று கற்ற ஒன்றை இரவில் நான்கு வரிகளில் எழுதிவைத்தல் முதற்படி. எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தல் இரண்டாம்படி. படிக்கும்போது நா தடுமாறும் இடத்தில் கருத்தும் தடுமாறியிருக்கும். அந்த இடத்தைத் திருத்தி எழுதுவதே மொழிப்பயிற்சி. ஒரு பக்கத்தில் எழுதியதை அரைப்பக்கத்தில் சுருக்கத் தெரிந்தவருக்கே பத்து நிமிடக் காணொலியைச் சோர்வின்றி நடத்தத் தெரியும்.

அதன்பின் கருவிப்பயிற்சி வருகிறது. சாளரத்தின் வழியே வரும் பகல்வெளிச்சம் நல்ல விளக்கு. குளிரூட்டியின் இரைச்சல் அடங்கிய அறை நல்ல ஒலிப்பதிவுக்கூடம். கைபேசியிலேயே படத்தொகுப்பைக் கற்றுக்கொள்ளலாம். முதல் பத்துக் காணொலிகளை வெளியிடாமல் நண்பர் இருவருக்கு மட்டும் காட்டி, அவர்களுக்கு விளங்காத இடத்தைக் கேட்டறிதல் நன்று. புகழ்ச்சியைக் கேட்பதைவிட 'இந்த இடம் புரியவில்லை' என்னும் சொல்லைக் கேட்பதே பயன் தரும்.

காலத்தைப் பங்கிடுதல் இவற்றினும் கடினம். பத்து மணி நேரம் உழைத்துத் திரும்பும் உடல் உறக்கத்தைக் கேட்கிறது. உறக்கத்தைக் குறைத்துக் காணொலி உருவாக்குபவர் மறுநாள் சுழலும் எந்திரத்தின் முன் நிற்கிறார் என்பதை மறக்கலாகாது. ஒரு கணக் கவனக்குறைவுக்கு ஒரு விரல் விலையாகலாம். வாரவிடுமுறையில் ஒன்று எனத் திட்டமிட்டு, அதனைத் தவறாது செய்தல் போதும். ஓராண்டில் ஐம்பது காணொலிகள் சேர்ந்துவிடும். ஐம்பதும் ஒருவரைச் செப்பம் செய்துவிடும்.

தெரிந்து தெளிவோம்

யூடியூப் தளத்தில் விளம்பர வருவாயில் பங்குபெற 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் தேவை (குறுங்காணொலிகளுக்கு வேறு அளவுகோல் உண்டு). 4,000 மணி நேரம் என்பது 2,40,000 நிமிடங்கள். பத்து நிமிடக் காணொலிகளாயின் அவை 24,000 முறை முழுமையாகப் பார்க்கப்பட வேண்டும். வாரம் ஒன்றாக ஆண்டுக்கு 52 காணொலிகள் வெளியிடுபவர்க்கு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 460 முறை முழுமையாகப் பார்க்கப்பட வேண்டும். பெரும்பாலோர் பாதியிலேயே நிறுத்திவிடுவதால் உண்மையில் தேவைப்படும் எண்ணிக்கை இன்னும் மிகுதி.

இக்கணக்கு அச்சுறுத்துவதற்காக அன்று. தகுதி பெறுவது வருவாயின் தொடக்கமே தவிர, வாழ்வை நடத்தும் வருவாய் அன்று என்பதை உணர்த்துவதற்காகவே. கடன் தீரும்முன் மாதச் சம்பளத்தைக் கைவிட்டு, அடுத்த மாதம் எவ்வளவு வரும் எனத் தெரியாத ஒன்றை நம்புவது குடும்பத்தையே பணயம் வைப்பதாகும். ஊடகம் தரும் வருவாய் முதலில் சேமிப்பாகட்டும், பின்னர்த் துணையாகட்டும், சம்பளத்திற்கு ஈடாக நெடுநாள் நிலைத்துநின்ற பின்னரே அது தொழிலாகட்டும்.

சட்டமும் அறமும்

அயல்நாட்டில் கைபேசியை உயர்த்துமுன் அந்நாட்டுச் சட்டத்தை அறிதல் வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒருவரின் இசைவின்றி அவரைப் படமெடுத்து வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். அந்நாட்டில் சமூக ஊடகத்தின்வழி விளம்பர வருவாய் ஈட்டுவோர் உரிமம் பெற வேண்டும் என்னும் விதி 2018ஆம் ஆண்டு வந்தது. சிங்கப்பூரில் பணி அனுமதி பெற்றவர் எந்த நிறுவனத்திற்காக அனுமதி பெற்றாரோ அதற்கு மட்டுமே வேலை செய்யலாம். தனியே வருவாய் தேடுமுன் விதிகளை உரிய துறையிடம் கேட்டறிய வேண்டும். நம் நாட்டிலும் பொருள்களைப் பரிந்துரைத்துப் பணமோ பரிசோ பெறுவோர் அதனை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ஒன்றிய அரசு 2023ஆம் ஆண்டு நெறிமுறைகளை வெளியிட்டது.

பட்டறையின் உட்புறம், எந்திர வரைபடம், உற்பத்தி முறை ஆகியவை நிறுவனத்தின் உடைமைகள். அவற்றைப் படமெடுப்பது வேலையை இழக்கச் செய்வதோடு வழக்கிலும் கொண்டுபோய் நிறுத்தும். தொழிலைச் சொல்வதற்குத் தொழிற்சாலையைக் காட்ட வேண்டியதில்லை. சொந்தத் திருகு அளவியும் ஓர் இரும்புத் துண்டும் ஒரு மேசையும் போதும்.

சட்டம் எட்டாத இடத்தில் அறம் நிற்கிறது. தொழிலாளர் விடுதியின் அறையொன்றில் ஆறு பேர் அடுக்குக் கட்டில்களில் உறங்குகின்றனர். அவர்களுள் ஒருவர் ஊரில் தாம் மேற்பார்வையாளர் எனச் சொல்லியிருக்கலாம். தாம் சுமை தூக்குவதை மனைவி அறிய வேண்டாம் என அவர் மறைத்திருக்கலாம். 'எங்கள் அறையைப் பாருங்கள்' என்று அன்போடு எடுத்த காணொலி அவர் பல ஆண்டுகள் காத்த மதிப்பை ஒரே நாளில் குலைத்துவிடும். தன் துன்பத்தைச் சொல்ல ஒருவர்க்கு உரிமை உண்டு. பிறர் துன்பத்தைச் சொல்ல அவர் இசைவு வேண்டும்.

வலை விரிப்போர்

இத்துறையின் மீதுள்ள ஆசையையே தூண்டிலாக்கியோரும் உண்டு. தாய்லாந்தில் இணையவழி விற்பனை, சந்தைப்படுத்தல் வேலை எனச் சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்து, நம்பிச் சென்ற இந்திய இளைஞரை எல்லை கடத்தி மியான்மருக்குக் கொண்டுசென்று, இணையமோசடிப் பணியில் அடைத்த கொடுமை 2022ஆம் ஆண்டு வெளிவந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் இதுகுறித்து எச்சரிக்கை விடுத்தது. சிக்கியோருள் தமிழரும் இருந்தனர். அவர்களுள் சிலர் அக்டோபர் மாதம் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர்.

கணினி அறிந்த, கல்வி கற்ற இளைஞரே இவ்வலையில் வீழ்ந்தனர் என்பது எண்ணத்தக்கது. சுற்றுலா விசாவில் சென்று வேலை செய்யலாம் என்பவர், கடவுச்சீட்டைத் தம்மிடம் ஒப்படைக்கச் சொல்பவர், என்ன வேலை என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் பெருஞ்சம்பளத்தை மட்டும் சொல்பவர் ஆகியோரை ஐயுறுதல் வேண்டும். வேலைவாய்ப்பு முகவர் பதிவு பெற்றவரா என்பதை ஒன்றிய அரசின் இ-மைக்ரேட் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் அணுகலாம். காணொலி எடுக்கக் கற்பதற்கு முன் காணொலியை ஐயுறக் கற்பது இக்காலத்தின் அடிப்படைக் கல்வி.

ஊர் திரும்பும் குரல்

அயல்நாட்டுப் பணி என்றேனும் ஒரு நாள் முடிவுக்கு வரும். ஒப்பந்தம் முடிந்தோ, உடல் சோர்ந்தோ, பெற்றோர் முதுமை அழைத்தோ இளைஞர் ஊர் திரும்புவார். அப்போது அவர் கொண்டுவரும் பெட்டியில் இருப்பவை சில ஆண்டுகளில் பழையனவாகிவிடும். அவர் கற்ற தொழிலும், அதனைப் பிறர்க்கு விளங்கச் சொல்லும் ஆற்றலும் பழையனவாகா.

வலையொளி பெருவெற்றி பெறாமலும் போகலாம். அதற்காக அந்த ஆயத்தம் வீணாவதில்லை. ஒழுங்காக எழுதவும் தெளிவாகப் பேசவும் பயின்றவர் பயிற்றுநராகலாம், சிறுதொழில் முனைவோராகலாம், தாம் ஏமாந்த இடத்தில் அடுத்தவர் ஏமாறாமல் காக்கும் வழிகாட்டியாகலாம். ஊடகத்தை மட்டும் நம்பியவர்க்குத் தோல்வி என்பது வெறுங்கை; தொழிலை நம்பி ஊடகத்தைத் துணையாகக் கொண்டவர்க்கு அது மற்றொரு காலைப்பணி.

ஓசூரில் பணிமுறை மாறும் அதே காலைவேளையில், வளைகுடாவில் இன்னும் பொழுது புலரவில்லை. முந்தைய நாள் விடுமுறையில் அவர் பதிவேற்றிய காணொலியைச் சிப்காட் பேருந்தில் அமர்ந்து ஒருவர் பார்க்கிறார். அன்றே எந்திரத்தில் முதன்முறை நிற்கவிருக்கும் பயிற்சித் தொழிலாளி அவர். சுழிப்பிழையைச் சரிபார்க்க வேண்டும் என்பதை மனத்தில் குறித்துக்கொண்டு அவர் பேருந்தை விட்டு இறங்குகிறார். பார்த்தோர் எண்ணிக்கையில் அவர் ஒருவரே கூடுகிறார். ஆனால் அன்று அந்தப் பட்டறையில் ஒரு பிழை குறைகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு தொழிலை நன்கு அறிந்த ஒருவரிடம் பேசி, அத்தொழிலில் வழங்கும் பத்துச் சொற்களைப் பொருளுடன் தொகுக்க.

2. அத்தொழிலின் ஒரு நுட்பத்தை மூன்று நிமிடத்தில் விளக்கும் காணொலிக்கான உரையை ஒரு பக்கத்தில் எழுதுக. பின்னர் அதனை அரைப்பக்கமாகச் சுருக்குக.

3. பிறரைப் படமெடுக்கும்போது பின்பற்ற வேண்டிய நெறிமுறைகளை வகுப்பில் கலந்துரையாடிப் பட்டியலிடுக.

4. 'அயல்நாட்டு வேலை' என்னும் தலைப்பில் வரும் விளம்பரம் ஒன்றில் ஐயுறத்தக்க கூறுகள் எவை? குழுவாக ஆராய்ந்து எழுதுக.